உள்ளங்கை டப்பா

டப்பா என்னவோ உள்ளங்கை அகலம்தான். தொண்டைக் கரகரப்புக்குச் சப்பும் மாத்திரை வந்த பழைய தகர டப்பா. ஒரு ஆளின் உயிரைக் காப்பாற்றத் தேவையான ஒன்பது சாமான்களும் அதற்குள் அடங்கிவிட வேண்டும் என்பது ஊசிக்காரி போட்ட சட்டம். காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடும் மலைதானே, இதற்கு எதற்கு இத்தனை கெடுபிடி என்று யாராவது வெறுங்கையோடு வந்தால் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன், அழுது புரண்டாலும் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஊசிக்காரி என்றதும் பயந்துவிட வேண்டாம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள், அவ்வளவுதான். லீவு நாளில் மலை ஏறுவது அவளுக்குப் பைத்தியம். அவள் எடுத்த ரத்தக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறவள்தான் நம் கதையின் ஆள். பதினோரு வருடமாக ஒட்டுகிறாள். ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போனதாக இன்றுவரை ஒரு புகார் கிடையாது. கூடத்தில் எல்லோரும் அவளை லேபிளக்கா என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

லேபிளக்கா கல்யாணமான இந்த இருபத்து மூன்று வருடத்தில் கணவர் துணையில்லாமல் போன மிக நீண்ட பயணம், வீட்டிலிருந்து கூடத்துக்கு நாலு பஸ் நிறுத்தம். கொடுமைக்காரக் கணவர் என்று நினைத்துவிடாதீர்கள். கை நீட்டியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டில் மாட்டிக்கொண்டாலும் இவருக்குத்தான் போன் வரும். எந்த நேரமும் வரும். இரண்டு முறை பெட்டி படுக்கையோடு பஸ் நிலையம் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறார்கள். ஊரார் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள், இவள் வீட்டில் மாட்டிக்கொண்டாள். அவர்களை விடுவிக்க ஒரு மெக்கானிக் இருந்தார். இவளுக்கு அதுவும் இல்லை.

மகள் படிப்புக்காக வெளியூர் விடுதிக்குப் போன பிறகு நிலைமை இன்னும் முற்றிப்போனது. காலை பதினோரு மணிக்கு ஒரு போன், மூன்று மணிக்கு ஒரு போன். "சாப்டியா? எத்தனை மணிக்குக் கெளம்புவ? நேரா வீட்டுக்குத்தானே?" நேராக வீட்டுக்கு வராமல் லேபிளக்கா எங்கே போய்விடப் போகிறாள்? அவளுக்கு வேறு வழி தெரிந்தால்தானே.

அப்படிப்பட்டவள், ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வருகிறேன் என்று ஊசிக்காரியிடம் பெயர் கொடுத்துவிட்டாள். எப்படிக் கொடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது. வீட்டில் வந்து சொன்னபோது மெக்கானிக் மறுக்கவில்லை. "போயிட்டு வாயேன், யாரு வேண்டாம்னது?" என்றார். சொல்லிவிட்டு ஊசிக்காரி கொடுத்த தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரி வரியாகப் படித்தார்.

ஒரு விசில். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி. விரல் நீள டார்ச். லைட்டர். நாலு முழம் கயிறு. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் மாத்திரை. கைக்குட்டை போல மடித்துவிடக்கூடிய வெள்ளித்தாள் போர்வை. இரண்டு ஊக்கு. கீழே ஒரு குறிப்பும் இருந்தது: விசிலை ஒரு முறை ஊதினால் 'இங்கேதான் இருக்கிறேன், பிரச்சினை இல்லை' என்று பொருள், மூன்று முறை ஊதினால் ஆபத்து, கேட்டவர் யாராயிருந்தாலும் அந்தத் திசைக்குப் போயே ஆக வேண்டும்.

"மூணு தடவை ஊதினா எவனா இருந்தாலும் வரணுமா?" என்றார் மெக்கானிக்.

"ஆமா. அதான் மலையில விதியாம்."

"அவனவன் வேலையை விட்டுட்டா?"

"விட்டுட்டுத்தான்."

"நல்ல விதி" என்று தாளை மடித்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமையிலிருந்து அந்த டப்பாவோடு மல்லுக்கட்டு. லேபிளக்காவுக்கு இது கைவந்த கலை. சின்ன இடத்தில் நிறையச் சாமானை ஒழுங்காக அடுக்குவதுதானே அவள் பிழைப்பு? கயிற்றை டார்ச்சின் மேல் சுற்றினாள். ஊக்கை வெள்ளித்தாளில் குத்தினாள். மாத்திரையை பிளாஸ்டருக்குள் செருகினாள். மூடி 'டப்' என்று மூடிக்கொண்டது. ஒன்பது சாமானுக்கும் குட்டிக் குட்டியாகப் பெயர்ச்சீட்டு வேறு ஒட்டினாள். விசிலைப் பார்த்தாலே விசில் என்று தெரியும்தான். ஆனாலும் ஒட்டாமல் இருக்கக் கை கேட்கவில்லை.

செவ்வாய் காலையில் பார்த்தால் மூடி மூடவில்லை. உள்ளே ஒரு ஸ்க்ரூடிரைவர் படுத்திருந்தது.

"இது எதுக்குங்க?"

"இருக்கட்டும். எப்ப என்ன தேவைப்படும்னு யாருக்குத் தெரியும்?"

"மலையில ஸ்க்ரூவே இருக்காதே."

"அங்கதான் தப்புப் பண்ற. பாம்பு கடிச்சா என்ன செய்வ? கால் பிசகிச்சுன்னா? மழை பிடிச்சுக்கிட்டா? ஒண்ணொண்ணுக்கும் ஒரு வழி வேணும்ல."

அவர் வேலைக்குப் போனதும் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வெளியே வைத்தாள். புதன்கிழமை கறுப்பு இன்சுலேஷன் டேப் வந்தது. எடுத்தாள். வியாழக்கிழமை தலைவலித் தைலமும், வீட்டு விலாசமும் இவர் போன் நம்பரும் எழுதிய அட்டையும் வந்தன. இருபத்து மூன்று வருடம் குடியிருந்த வீட்டு விலாசம்! தைலத்தை எடுத்துவிட்டு, அட்டையை மட்டும் பாவம் என்று விட்டுவைத்தாள். வெள்ளிக்கிழமை ஒரு வாரக் காய்ச்சலுக்குத் தேவையான மாத்திரை மொத்தமும் வந்தது. ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதைதான். இப்படியே போனால் ஞாயிற்றுக்கிழமை அவரே டப்பாவுக்குள் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டாள். அவர் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். போ போ என்று சொல்லிக்கொண்டே வாசலை அடைக்கிற மனுஷரோடு எப்படிச் சண்டை போடுவது?

ஞாயிறு காலை. தெருமுனையில் சரியாக ஏழு மணிக்கு பஸ். ஏழு என்றால் ஊசிக்காரிக்கு ஏழுதான். வீடு ஆறாவது மாடி. ஆறரைக்கே லேபிளக்கா தயார். முதுகில் மாட்டும் பை, அதற்குள் தண்ணீர், ரொட்டி, டப்பா. மெக்கானிக்கும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நீங்க எங்க?"

"கீழ வரைக்கும் பையைத் தூக்கிட்டு வர்றேன். இதுகூடச் செய்யக் கூடாதா?"

லிஃப்டில் ஏறினார்கள். அந்தக் கட்டடத்து லிஃப்டும் அவர் பராமரிப்புதான். கதவு மூடியது. ஐந்தைத் தாண்டும்போது அவர் கேட்டார். "விசில் எடுத்தியா?"

"எடுத்தேன்."

"நேத்து மேசை மேல பாத்த மாதிரி இருந்துச்சு. எதுக்கும் ஒரு தடவை பாத்துடு. அப்புறம் அந்தப் பொண்ணு பஸ்ல ஏத்த மாட்டேன்னு சொல்லிடப் போவுது."

அதுவும் நியாயம்தானே என்று அவர் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். மேலாக இருந்தது கண்ணாடி. அதைக் கையில் எடுத்தபோது அவளுக்குப் பின்னால் நின்ற அவர் அதில் தெரிந்தார். முகம் தெரியவில்லை, கை மட்டும். பொத்தான்களுக்குக் கீழே இருக்கும் சின்னத் தகர மூடி மேல் அந்தக் கை இருந்தது. சாய்ந்து நிற்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள். விசில் இருந்தது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

"அடடா" என்றார் மெக்கானிக்.

மேலே எண் மூன்றும் இல்லை, நான்கும் இல்லை. ஒரு கோடுதான் தெரிந்தது.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணும் இல்ல. பதறாதீங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க. அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும்."

வாங்க போங்க! மாட்டிக்கொண்ட யாரோ ஒருவரிடம் வெளியிலிருந்து பேசுகிற குரல் அது. அந்தக் குரலில் அவர் போனில் பேசுவதை அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அவளிடம் அவர் அதைப் பேசியது இதுதான் முதல் தடவை.

ஐந்து நிமிடம் போனது. மணி ஆறு நாற்பத்தைந்து. சுவர் நான்கும் தகரம். அவர் அதில் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு, சாவகாசமாக நின்றார். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லேபிளக்கா விசிறியை அண்ணாந்து பார்த்தாள். இருபத்து மூன்று வருடமாகச் சாப்பிடும்போதெல்லாம் இந்த மனுஷர் லிஃப்ட் கதைதான் சொல்லியிருக்கிறார். கரண்ட் போனால் விசிறி நிற்கும். விசிறி ஓடினால் கரண்ட் இருக்கிறது. மாட்டிக்கொண்டால் முதல் வேலை மணி அடிப்பது. இரண்டாவது வேலைதான் பேச்சு. இவர் முதல் வேலையை விட்டுவிட்டு இரண்டாவதற்குப் போயிருந்தார்.

"மணி அடிங்களேன்."

"அது ரெண்டு நாளா வேலை செய்யல."

ஊரில் எந்த மூலையில் ஒரு லிஃப்ட் மணி பழுதானாலும் அன்றைக்கே போய்ச் சரி செய்யாமல் சோறு இறங்காத மனுஷர், தன் வீட்டு லிஃப்டின் மணி இரண்டு நாளாக வேலை செய்யவில்லை என்கிறார். கேட்பவளுக்கு மதி எங்கே போனது? அவள் கையை நீட்டி மணியை அழுத்தினாள்.

கட்டடம் அதிர அடித்தது.

அவர் தரையைப் பார்த்தார். அவளும் விடாமல் அழுத்தினாள். யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? மணி அடித்தால் ஆறாவது மாடி மெக்கானிக் பார்த்துக்கொள்வார் என்று கட்டடத்தில் குழந்தைக்கும் தெரியும். மெக்கானிக்தான் உள்ளே இருக்கிறாரே.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். லேபிளக்காவுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. கண்ணாடியில் பார்த்த கை இப்போதுதான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது. அந்தத் தகர மூடிக்குள் லிஃப்டை நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி கட்டடத்தில் ஒருவரிடம்தான் உண்டு.

"சாவியை எடுங்க" என்றாள்.

"என்ன சாவி?"

"எடுங்கன்னேன்."

"நான் என்ன வேணும்னா செஞ்சேன்? ஃபால்ட் எல்லாருக்கும் வரும். எட்டு மணிக்குள்ள சரியாயிடும்."

எட்டு மணிக்குள். ஏழு மணி பஸ் எட்டு மணிக்கு மலையடியில் இருக்கும். கோபம் வந்தது அவளுக்கு. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. இத்தனை வருடமும் அவள் இருந்தது இப்படி ஒரு பெட்டியில்தான் என்று தோன்றியது. விளக்கு எரிந்தது, விசிறி ஓடியது, பேசக் கனிவான ஒரு குரலும் இருந்தது. சுவிட்ச் மட்டும் அவர் கையில் இருந்தது. வாசலில் கிடக்கிற செருப்பைக் கூட வெளியே போகத்தானே வைத்திருக்கிறார்கள்!

மணி ஆறு ஐம்பது.

அவள் கதவின் நடுவே இரண்டு கை விரல்களையும் நுழைத்து இழுத்தாள். கதவு பிளந்தது. மேல் பாதியில் சிமெண்டுச் சுவர். கீழ்ப் பாதியில் மூன்றாவது மாடிக் கதவின் மேல் பகுதி. அதன் உச்சியில் ஒரு சின்ன உருளை. அதை ஒரு பக்கமாகத் தள்ளினால் வெளிக்கதவும் திறக்கும். இதுவும் சாப்பாட்டு நேரப் பாடம்தான். கையை விட்டுத் தள்ளினாள். திறந்துகொண்டது. கீழே, இடுப்புயரப் பள்ளத்தில், மூன்றாவது மாடி நடையின் தரை. யாரோ வீட்டு வாசலில் ஒரு ஜோடி செருப்பு.

"ஏய், என்ன பண்ற?"

லேபிளக்கா பையை முதுகில் மாட்டிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தாள். காலைக் கீழே தொங்கவிட்டாள். குளிர்ந்த காற்று பாதத்தில் பட்டது. லிஃப்டின் அடியிலிருந்து வருகிற காற்று. இப்படி இறங்கக் கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். குதிக்கிறவர்கள் தரையில் கால் வைத்ததும் பின்னால் சாய்வார்கள். பின்னால் லிஃப்டுக்கு அடியில் திறந்த குழி. அப்படிப் போன ஒருவரை வெளியே எடுத்துவிட்டு வந்த அன்று இவர் சாப்பிடவே இல்லை. மூன்று நாள் பேசவே இல்லை.

"இறங்காத! கீழ குழி இருக்கு!" அவர் மண்டியிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. "சொன்னாக் கேளு. காலை எடு. உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"நீங்க சாவியை எடுங்க."

"முதல்ல காலை எடு."

"முதல்ல சாவி."

சட்டைப் பையில் துழாவினார். சாவி வந்தது. குட்டிச் சாவி, ஒரு ஊக்கு நீளம்கூட இல்லை. அதை நீட்டிக் காட்டி, "இதோ, இதோ எடுத்துட்டேன், பாரு. காலை எடும்மா" என்றார். அந்த 'எடும்மா'வில் போனில் பேசும் குரல் இல்லை.

அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். நிஜமாகவே இறங்கியிருப்பாளா? அவளுக்கே தெரியாது. அவர் கதவுகளைச் சரியாக மூடினார். இரண்டு முறை தட்டிப் பார்த்தார். தகர மூடியைத் திறந்து சுவிட்சைத் தள்ளினார். லிஃப்ட் ஒன்றும் நடக்காதது போல இறங்கத் தொடங்கியது.

இரண்டாவது மாடி தாண்டும்போது அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். "அந்த வீட்ல ஒரு பகல் முழுக்க நான் தனியா இருந்ததே இல்ல. கூப்பிட்டா போவேன், வந்தா நீ இருப்ப. இன்னிக்குக் காலையில, நீ போனதுக்கப்புறம் எந்த நாற்காலியில உக்காரப் போறேன்னே தெரியல."

லேபிளக்காவுக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. வந்ததே என்று கோபமும் வந்தது. இந்த இரக்கம்தான் இவ்வளவு நாளும் அவளைக் கட்டிப்போட்ட கயிறு. அது நாலு முழமெல்லாம் இல்லை. அதற்கு அளவே இல்லை.

கீழ்த்தளம். கதவு திறந்தது. மணி ஆறு ஐம்பத்தெட்டு.

டப்பாவைத் திறந்து விசிலை எடுத்தாள். 'விசில்' என்று அவள் ஒட்டிய சீட்டு அதில் அப்படியே இருந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

"இது எதுக்கு?" என்றார்.

"எனக்கு மலையில பத்துப் பேர் துணை இருக்காங்க. நீங்கதான் தனியா இருக்கப் போறீங்க. இன்னிக்கு இது உங்களுக்குத்தான் வேணும்."

சொல்லிவிட்டு ஓடினாள். நாற்பத்தேழு வயதில் முதுகில் பையோடு ஓடுவதென்றால் சும்மாவா? வாயிலைத் தாண்டி, நடைபாதையில் இறங்கி, தெருமுனையைப் பார்த்தால் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. கையை ஆட்டினாள். கத்தினாள். மூச்சு வாங்கியதில் குரல் எழும்பவில்லை. ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் மலையைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். அவளிடமிருந்த ஒன்பது சாமானில் ஓடுகிற பஸ்ஸை நிறுத்தக்கூடியது ஒன்றுதான். அதையும் தானமாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

திரும்பிப் பார்த்தாள். மெக்கானிக் வாயிலில் நின்றிருந்தார். கையில் விசில். அவரும் பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா நின்றால் போதும், இந்த ஞாயிறும் மற்ற ஞாயிறுகளைப் போல ஆகிவிடும். அவள் மறுபடி லிஃப்டில் ஏறி ஆறாவது மாடிக்குப் போய்க் காப்பி போடுவாள். அவர் மேல் யாரும் குற்றம் சொல்லவும் முடியாது.

அவர் விசிலை வாயில் வைத்து ஊதினார்.

தெரு முழுக்கக் கேட்டது. போலீஸ்காரர் என்று நினைத்தாரோ என்னவோ, டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். பஸ் கதவு திறந்தது. ஊசிக்காரி தலையை வெளியே நீட்டி, "லேபிளக்கா! என்னக்கா இது, சீக்கிரம் வாங்க!" என்று கத்தினாள்.

லேபிளக்கா போய்க் கைப்பிடியைப் பற்றி, படியில் ஒரு காலை வைத்தாள். அப்படியே நின்றாள். அடுத்த காலைத் தூக்கவில்லை. காதைத் தெருப்பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்று ஆகிவிட்டது. இன்னும் இரண்டு வந்தால் அவள் இறங்கித்தான் ஆக வேண்டும். கேட்டவர் யாராயிருந்தாலும் போயே ஆக வேண்டும். அதுதான் மலையில் விதி என்று அவரிடம் சொன்னவளே அவள்தான். அவருக்கும் அது மறந்திருக்காது.

"ஏறுங்கக்கா, என்ன யோசனை?"

"ஒரு நிமிஷம் இரு."

வாயிலில் அவர் கை இன்னும் வாயருகிலேயே இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பஸ் உறுமியது. கை மெல்லக் கீழே இறங்கி, விசிலைச் சட்டைப் பைக்குள், அந்தக் குட்டிச் சாவியோடு போட்டுக்கொண்டது.

இரண்டு, மூன்று என்று அவளே மனதுக்குள் எண்ணி முடித்தாள். பிறகு ஏறினாள்.